புள்ளிக்கோட்டில் வரைந்த அடுப்படி

சுவரை அடைத்த அன்று அங்கே இருந்தவர்கள்: அப்பா, அம்மா, பக்கத்துக் காம்பரா அத்தை, ஒரு மேசன், நான். இல்லாதவர்கள்: தோட்டத்தை நடத்தும் தொரை, ஆபீஸ் பெரிய கிளாக்கர், கொழும்பிலிருந்து வந்து எங்கள் லயத்தை அளந்துவிட்டுப் போன மிஸ். அடுப்படி கட்டிக்கொள்ளச் சொல்லி வாயால் அனுமதி கொடுத்த பழைய தொரையும் இல்லை. அவர் மாற்றலாகி வேறு தோட்டத்துக்குப் போய் ஐந்தாறு வருடமாகிவிட்டது. இல்லாதவர்கள் முடிவெடுத்தார்கள், இருந்தவர்கள் செய்து முடித்தோம் என்று எழுதினால் எடுப்பாக இருக்கும். முழு உண்மையாக இருக்காது. அந்த முடிவுக்கு வேண்டிய காகிதத்தை எழுதிக் கொடுத்தவன் நான்.

கந்தப்பளையிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையில் இருக்கிறது எங்கள் லயம். ஒரே நீளமான தகரக் கூரைக்குக் கீழே ஆறு காம்பரா, ஆறு குடும்பம். ஒவ்வொரு காம்பராவும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் நாலடி அகலத்தில் இஸ்தோப்பு; மழைக்கு ஒதுங்கவும் விறகு அடுக்கவும் துணி காயப்போடவும் அந்தத் தாழ்வாரம்தான். அதற்கும் முன்னால் கழிவுத்தண்ணி ஓடும் கான். ஆறு கதவும் பாதையைப் பார்த்திருக்கும். பின்பக்கம் கதவு, ஜன்னல் எதுவும் கிடையாது. ஒன்றரை அடி கனத்தில் கருங்கல் சுவர் மட்டும்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்கு மேல் முக்கோணமாக வெறும் இடம். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் ஆறு வீட்டிலும் மணக்கும். ஒரு வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு மற்ற ஐந்து வீட்டிலும் தீர்ப்புச் சொல்வார்கள். எங்கள் லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் குரல் எப்போதும் கொஞ்சம் தணிந்தே இருக்கும். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் என்னை எல்லோரும் “சத்தமாப் பேசு, சத்தமாப் பேசு” என்றார்கள். எனக்கு அது வரவில்லை.

சத்தம் மட்டும் போனால் பரவாயில்லை. புகையும் அதே வழியாகத்தான் போகும், வரும். அம்மாவுக்கு இழுப்பு. காலையில் நாலரைக்கு ஆறு அடுப்பும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே இஸ்தோப்புக்கு வந்து நின்று மூச்சு வாங்குவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நிற்கவும் முடியாது. ஒரு மழைக்காலத்தில் மூன்று தடவை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாவது தடவை டொக்டர் அப்பாவிடம் சிங்களத்தில், இவரைப் புகையிலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் இங்கே கொண்டுவந்துகொண்டே இருப்பீர்கள் என்றார். அப்பாவுக்கு அந்தளவு சிங்களம் புரியும்.

அப்பா கவ்வாத்து வெட்டப் போகிறவர்; தேயிலைச் செடியின் தலையைக் கழிக்கிற வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த மலையில், பார்வையிட வந்த பழைய தொரையிடம் கேட்டிருக்கிறார்: “தொரை, சம்சாரத்துக்கு இழுப்புங்க. பின்னால ஒரு அடுப்படி இறக்கிக்கலாமாங்க?” தொரை மலையைப் பார்த்துக்கொண்டே, “செஞ்சுக்க, செஞ்சுக்க. மண்சரிவு வராமப் பாத்துக்க” என்றிருக்கிறார். அவ்வளவுதான் அனுமதி.

தோட்டத்தில் அனுமதி இப்படித்தான் கிடைக்கும். வாயால் கிடைத்ததற்கு யாரும் கடிதம் கேட்க மாட்டார்கள். கேட்டால் தொரையை நம்பவில்லை என்று ஆகும். கடிதம் எழுத உட்கார்ந்தால் தொரை சட்டத்தைப் பார்ப்பார், மேலிடத்தை நினைப்பார், முடியாது என்பார். “கேக்காத வரைக்கும் இருக்கு. கேட்டா இல்லாமப் போயிடும்” என்று அப்பா அதைச் சொல்வார். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே தெரியும்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை அலவாங்குக் கடப்பாரையால் குத்தி அப்பா பின்சுவரில் ஓர் ஆள் நுழையும் வழி திறந்தார். கல்லைப் பெயர்ப்பதைவிடக் கல்லுக்கு நடுவிலுள்ள சுண்ணாம்பைப் பெயர்ப்பதுதான் கஷ்டம் என்பார். பிறகு சீமெந்துப் புளொக் கல் வாங்கி வாங்கிச் சேர்த்து, ஒரு வருடத்தில் எட்டடிக்கு ஏழடி ஓர் அடுப்படி. அதில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் தேயிலைச் செடி. புகை அந்த வழியாக மலைக்குப் போனது. அம்மாவும் அங்கேயே ஒரு பலகையில் படுத்துக்கொள்வார். அந்த அடுப்படி வந்த பிறகு மழைக்காலத்தில் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதைப் பார்த்துப் பக்கத்துக் காம்பரா அத்தை வீட்டிலும், கோடிக் காம்பராவிலும் சுவரை உடைத்து ஒவ்வொன்று இறக்கினார்கள். அவர்களுக்கும் தொரை வாயால்தான் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த மாதங்களில்தான் மிஸ் வந்தார். கட்டடக் கலை படித்தவர். மலையகத்துப் பழைய லயங்கள் அழிவதற்கு முன் அவற்றை அளந்து, வரைந்து, ஒரு புத்தகமாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று வந்திருந்தார். அவருக்குத் தமிழ் வராது. தமிழும் சிங்களமும் தெரிந்த, தோட்டத்துக்குப் பழக்கமான ஒருவர் வேண்டும் என்று எனது பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு, அவர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். இருபத்துநான்கு வருடம் நான் ஒட்டிப் படுத்தெழும்பிய சுவரைப் பார்க்க ஒருவர் கொழும்பிலிருந்து வருகிறார் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

மிஸ் நல்லவர். இதை எழுதும்போதும் அதை மாற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை. வந்த அன்று முதலில் செய்த வேலை, எங்கள் சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றது. மூலைக் கற்களைக் காட்டினார். மற்றக் கற்கள் உடைத்த வாக்கில் இருக்க, மூலைக் கல் மட்டும் நாலு பக்கமும் உளியால் செதுக்கி, ஒன்று நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில் பூட்டியிருந்தது. அதனால்தான் இத்தனை மண்சரிவுக்கும் மூலை விலகவில்லை என்றார். நான் அதுவரை அந்த மூலையில் சைக்கிளைச் சாத்தி வைத்திருக்கிறேன், கல்லைப் பார்த்ததில்லை. கூரைத் தகரத்தின் கனத்தையும் அதன் உள்பக்கம் பதித்திருந்த கம்பனி முத்திரையையும் காட்டினார். ஆறு கதவும் ஏன் பாதையைப் பார்க்கின்றன என்று சொன்னார்: காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் எழும்பிவிட்டதா என்று ஒருவர் பாதையில் நின்றபடியே எண்ணிவிடலாம். பின்பக்கம் ஏன் கதவில்லை என்பதற்கும் அதே காரணம்தான். அவர் அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. எனக்கு ஒரே சமயத்தில் வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. யாருடைய கை செதுக்கிய கல் என்று தெரியாது. ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவர் சுமந்துவந்த கல்லாகத்தான் இருக்க வேண்டும்.

நாடாவின் ஒரு முனையை நானும் மறு முனையை அவருமாகப் பிடித்து மூன்று நாள் அளந்தோம். பிறகு படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். ஆதியில் கட்டியதைக் கெட்டிக் கோட்டில் போட வேண்டும். பின்னால் சேர்த்ததைப் புள்ளிக்கோட்டில் போட வேண்டும். நான் எங்கள் லயத்தை வரைந்தேன். ஆறு காம்பராவும் கறுப்பாக, நேராக வந்தன. பின்னால் மூன்று அடுப்படியும் புள்ளி புள்ளியாக.

சாயங்காலம் அதை அம்மாவிடம் காட்டினேன்.

“இது என்னா தம்பி, எறும்பு போற மாதிரி?”

“நம்ம அடுப்படிம்மா.”

“மத்த எல்லாத்துக்கும் கோடு போட்டிருக்க. என்னோடது மட்டும் ஏன் எறும்பா இருக்கு?”

“அது பின்னால கட்டுனதும்மா. அப்படித்தான் போடணுமாம்.”

“ஓ,” என்றார் அம்மா. “படிச்சவங்க சொன்னா சரிதான்.”

படத்தோடு வீட்டுக்கு ஒரு படிவமும் இருந்தது. எத்தனை பேர், எத்தனை வருடம், என்ன மாற்றம் செய்தீர்கள். கடைசிக்கு முந்திய வரி: மாற்றத்துக்கு அனுமதிக் கடிதம் உண்டா, இல்லையா. இரண்டு பெட்டி. ஒன்றில் சரி போட வேண்டும். வாயால் சொன்னார் என்பதற்குப் பெட்டி இல்லை.

அத்தையிடம் போனேன். அவர் எங்களுக்கு ரத்த உறவில்லை. சுவரை ஒட்டியிருப்பதால் அத்தை.

“அத்தை, ஆபீஸ் கடுதாசி இருக்கா, அடுப்படிக்கு?”

“கடுதாசியா? ஒங்கப்பன்கிட்ட இருக்கா?”

“இல்ல.”

“அப்ப எனக்கு மட்டும் ஆகாசத்துலேருந்தா வரும்? தொரை சொன்னாரு, கட்டுனோம். இல்லேன்னே போட்டுக்க. வேற யாராச்சும் வந்து கேட்டா யோசிப்பேன். நம்ம புள்ளதானே எழுதுது.”

நான் ‘இல்லை’ என்ற பெட்டியில் சரி போட்டேன். மூன்று வீட்டுக்கும். அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கலாம். மிஸ் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். பதிவில் பொய்யோ வெற்றிடமோ இருக்கக் கூடாது என்று படித்திருந்தேன். கீழே, தகவல் திரட்டியவர் என்ற இடத்தில் கையெழுத்தும் வைத்தேன்.

புத்தகம் அழகாக வந்தது. எங்கள் சுவரின் மூலை அதில் ஒரு முழுப் பக்கம். நன்றி சொன்ன பட்டியலில் என் பெயரும் இருந்தது. அப்பா அதைப் பொலித்தீன் பையில் சுற்றி சாமித் தட்டில் வைத்தார்.

அடுத்த வருடம் தோட்டத்துப் பங்களாவை ஓர் ஓட்டல்காரர் எடுத்தார். தங்க வரும் வெள்ளைக்காரர்களுக்குத் தேயிலை மலையோடு பழைய லயம் ஒன்றையும் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் மாவட்டத்தில் பழுதில்லாமல் நிற்கும் லயம் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தில் படத்தோடு இருந்தது. ஆபீசிலிருந்து மூன்று வீட்டுக்கும் கடிதம் வந்தது. சிங்களத்திலும் இங்கிலீசிலும் இருந்ததால் மூன்று வீட்டுக்கும் நானே வாசித்துக் காட்டினேன். குடியிருப்பவர்கள் தொடர்ந்து இருக்கலாம். அனுமதியில்லாமல் சேர்த்ததை ஒரு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். உடைத்த சுவரை முன்பிருந்தபடி கல்லும் சுண்ணாம்பும் வைத்து அடைக்க வேண்டும். சீமெந்து பாவிக்கக் கூடாது. செலவு உடைத்தவர்களுடையது. செய்யாவிட்டால் தோட்டமே செய்து சம்பளத்தில் பிடிக்கும்.

வாசித்து முடித்ததும் அத்தை என்னைப் பார்த்தார்.

“எனக்கும் புள்ளி வச்சியாப்பா?”

“வச்சேன் அத்தை.”

“புள்ளி வச்சா கோலம் போடுவாங்கன்னுல்ல நெனைச்சேன். அழிக்கிறதுக்கா வச்ச?”

யாரோ சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை.

நானும் அப்பாவும் ஆபீசுக்குப் போனோம். தொரையைப் பார்க்க முடியவில்லை. பெரிய கிளாக்கர் எங்கள் ஆள்தான்; வேறு தோட்டத்து லயத்தில் பிறந்து வந்தவர். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் கழற்றவில்லை, பிறகு வெளியே வந்து கழற்றினேன்.

“ஐயா, பழைய தொரை சொல்லித்தாங்க கட்டுனேன்,” என்றார் அப்பா. “கவ்வாத்து மலையில வச்சு சொன்னாரு. கூட நின்னவங்க இருக்காங்க.”

“நான் இல்லேன்னு சொல்லலியே,” என்றார் கிளாக்கர். ஒரு கோப்பைத் திறந்து திருப்பி வைத்தார். நான் நிரப்பிய படிவத்தின் பிரதி; அளக்க இடம் கொடுத்ததற்காக மிஸ் ஆபீசுக்கும் ஒன்று கொடுத்திருந்தார். “தம்பி, இது ஒங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“கடிதம் இல்லேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இது இல்லாட்டி நானே தொரைகிட்ட, ‘பழைய ஆளு, விடுங்க சேர்’ன்னு ஏதாவது சொல்லிப் பாப்பேன். இப்ப நான் என்னான்னு சொல்ல?”

“வாய்மொழியா அனுமதி இருந்திச்சுன்னு ஒரு திருத்தம் எழுதித் தரலாமாங்க?”

“எழுதுங்க, எழுதுங்க. வாங்கி வைக்கிறேன்.” அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. வாங்கி வைப்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரிந்தது.

மிஸ்ஸுக்குப் போன் பண்ணினேன். உண்மையாகவே பதறிப்போனார். பழைய கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்றுதான் எழுதினோம், யாருடைய அடுப்படியையும் இடிக்கச் சொல்லி எழுதவில்லையே என்றார். அது சரிதான். புத்தகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவும் செய்தார்.

நானும் எழுதினேன், மூன்று பக்கம். அந்த லயத்தை வரைந்தவர், எங்கே கதவு வேண்டும், எங்கே வேண்டாம் என்று தீர்மானித்தவர் எவரும் அதில் ஒரு நாள் படுத்ததில்லை. எங்கள் ஆட்கள் கல்லைச் சுமந்தார்கள், சொன்ன இடத்தில் வைத்தார்கள். அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர் தன் தேவைக்குத் தானே நினைத்துக் கட்டிய பகுதி அந்த மூன்று அடுப்படி மட்டும்தான். பாரம்பரியம் என்று ஒன்றைக் காப்பாற்றுவதானால் அதையும் சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டும். இப்படி எழுதினேன். இன்றைக்கும் அதை நம்புகிறேன். மிஸ் பதில் போட்டார்: மிக முக்கியமான கருத்து, அடுத்த பதிப்பில் கட்டாயம் சேர்க்கிறேன். தோட்டத்திலிருந்து பதில் வரவில்லை.

அப்பா ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நாள் விறகு பிளந்துகொண்டிருந்தவரிடம் நானே போய், “என்னாலதான் இப்படி ஆச்சு” என்றேன். கோடரியை நிறுத்தாமல், “இருந்ததத்தானே எழுதுன,” என்றார்.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது அப்பா தானே கூரைத் தகரத்தைக் கழற்றினார். புளொக் கல்லை உடையாமல் எடுத்தால் யாருக்காவது கொடுக்கலாம் என்று பார்த்தார், பாதி உடைந்தது. ஜன்னலை மட்டும் முழுதாக எடுத்து இஸ்தோப்பில் சாத்தினார். அதை அங்கே வைக்கக் கூடாது, பார்வைக்குச் சரியில்லை என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்ல, கோழிக்கூண்டுக்குப் பின்னால் போட்டோம். நடுச்சுவருக்கு மேலுள்ள வெறும் இடத்தில், மற்ற வீட்டுப் புகைக்குத் தடையாகப் பிறகு கட்டியிருந்த உரச் சாக்குகளையும் அவிழ்க்கச் சொன்னார்கள். அதையும் அவிழ்த்தோம்.

சுவரை அடைக்க வந்த மேசன் வலப்பனைப் பக்கத்துச் சிங்களவர். நீற்றிய சுண்ணாம்பும் மணலும் அவர் சொன்னபடி வாங்கி வைத்திருந்தோம். நான் வாளியில் குழைத்துக் கொடுக்க, அவர் அடுக்கினார். அம்மா அப்போது பின்பக்கம் நின்று, அடுப்பிலிருந்த கடைசிச் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

“அம்மா, அந்தப் பக்கம் இருந்தா சுத்தி வரணும்,” என்றேன்.

“இருப்பா, இந்தத் தோசைக்கல்ல எடுத்துக்கிறேன்.”

அத்தை உள்ளேயிருந்து கை நீட்டிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வாங்கினார். அவர் வீட்டுச் சுவரை முதல்நாள்தான் அடைத்திருந்தார்கள். “வாங்க அண்ணி, வாங்க. நமக்கு ஒரே கதவு போதும்னு தொரைமாருக்குத் தெரியும். ரெண்டு கதவு இருந்தா நாம ஓடிப்போயிடுவோம்ல,” என்றார். அம்மா சிரித்துச் சிரித்து இழுப்பு வந்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கும்போது கல் இடுப்புக்கு வந்துவிட்டது. தாண்ட முடியவில்லை. ஆறு காம்பராவையும் சுற்றிக்கொண்டு முன்வாசலால் வந்தார்.

மேசன் நல்ல வேலைக்காரர். பழைய கல் எது, புதுக் கல் எது என்று இன்று பார்த்தால் தெரியாது. வந்து பார்க்கிறவர்கள் அந்தச் சுவரில் கை வைத்து நிற்கிறார்கள்.

அம்மாவுக்காகக் காஸ் அடுப்பு வாங்கினோம். காஸ் தீர்ந்துவிடும் என்று பயந்து அம்மா தேத்தண்ணிக்கு மட்டும் அதைப் பற்றவைப்பார். சோற்றுக்கும் குளிக்கிற தண்ணிக்கும் விறகுதான். அவர் காஸையே பாவித்தாலும் மற்ற ஐந்து வீட்டுப் புகை மேலால் வருகிறது. அந்த மழைக்காலத்தில் நாலு தடவை நுவரெலியா ஆஸ்பத்திரி. பஸ் இல்லாத நேரமெல்லாம் ஆட்டோ. கடைசித் தடவை பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னைக் கூப்பிட்டு, அடுப்படியை எடுத்ததிலிருந்து ஆனதையெல்லாம் நீ கணக்குப் போடு என்றார். இடித்ததில் உடைந்த புளொக் கல், அடைக்க வாங்கிய கல், சுண்ணாம்பு, மணல், மேசன் கூலி, காஸ் அடுப்பு, ஆட்டோ, வெளியில் வாங்கிய மருந்து, அப்பா வேலைக்குப் போகாத நாட்கள். ஒவ்வொன்றாக அவர் சொல்ல நான் எழுதினேன், ஒன்றையும் விடாமல், கூட்டாமல் குறைக்காமல். ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.